காசுக்கும் நேரத்துக்கும் ஒரே இங்கிலீஷ்

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் புத்தகங்களைத் திறந்தால் பழங்கள், நிறங்கள், வானிலை என்றுதான் வரிசையாக வரும். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் பட்டர்வொர்த்தில் வானிலையைப் பற்றி யாரும் ஆங்கிலத்தில் பேசி நான் கேட்டதில்லை. வெயில் கொளுத்தினால் "பானாஸ்லா" என்று மலாயில் ஒரு சொல், அத்தோடு முடிந்தது. நம் ஆட்களுக்கு ஆங்கிலம் தேவைப்படும் இடங்களே வேறு. சூப்பர்வைசரிடம் லீவு கேட்கும்போது, பேங்க் கவுண்டரில் நிற்கும்போது, வாசலில் வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவரை அனுப்பி வைக்கும்போது, கார் கடன் பாக்கி என்று போன் வரும்போது. எங்கே பார்த்தாலும் பேச்சு காசைப் பற்றி, இல்லாவிட்டால் நேரத்தைப் பற்றி.

அதனால் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முதல் பாடம் இந்த இரண்டும்தான். வகுப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாகான் டாலாம் பக்கம் ஒரு கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அறை. காற்றாடி இரண்டு, சுற்றுவது ஒன்று. வருகிறவர்களில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கும் ஒரு தங்கச்சி, லாரி ஓட்டும் அண்ணன், மோட்டார் பட்டறைக்காரர், பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தும் அக்கா, இரவுக் காவல் வேலை முடிந்து நேராக வரும் பெரியவர் ஒருவர் என்று எல்லாரும் உண்டு. பெரியவர் பாதி வகுப்பு தூங்குவார். கேள்வி மட்டும் கூர்மையாகக் கேட்பார்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். ஆங்கிலம் தெரியாததால் நம்மவர்கள் இழந்த காசைவிட, "வேண்டாம்" என்பதை மரியாதையாகச் சொல்லத் தெரியாததால் இழந்த காசுதான் அதிகம் என்பது அங்கே பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்ட விஷயம். எதிரில் இருப்பவர் டை கட்டிக்கொண்டு இனிமையாக ஆங்கிலம் பேசினால் போதும், "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் மகளிடம் தாளைக் காட்டி, "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்பார்கள்.

ஆங்கிலத்தில் ஒரு சௌகரியம் உண்டு. காசுக்குப் புழங்கும் வினைச்சொற்களில் பெரும்பாலானவற்றை அப்படியே எடுத்து நேரத்துக்கும் போட்டுக்கொள்ளலாம். ஸ்பெண்ட், சேவ், வேஸ்ட், ஸ்பேர், அஃபோர்ட், இன்வெஸ்ட், பட்ஜெட், ரன் அவுட் ஆஃப், செட் அசைட், எல்லாமே இரண்டு பக்கமும் ஓடும். ஐம்பது வெள்ளியையும் (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஸ்பெண்ட் பண்ணலாம், ஐந்து மணி நேரத்தையும் ஸ்பெண்ட் பண்ணலாம். மாதக் கடைசியில் காசு ரன் அவுட் ஆகும், பரீட்சை அறையில் நேரம் ரன் அவுட் ஆகும். ஒரு பாடம் படித்தால் இரண்டு பாடம் முடிகிறது என்றதும் வகுப்பில் எல்லாருக்கும் ஏக சந்தோஷம்.

பலகையில் நான் எழுதும் முதல் வாக்கியம் பினாங்குப் பாலத்தைப் பற்றியது. "தி பிரிட்ஜ் சேவ்ஸ் டைம், பட் இட் காஸ்ட்ஸ் மணி." தீவுக்குப் போகும்போது காருக்கு டோல் உண்டு. திரும்பி வரும்போது கிடையாது. 1985-இல் திறந்த பழைய பாலமானாலும் சரி, 2014-இல் திறந்த இரண்டாவது பாலமானாலும் சரி, அப்படித்தான். மோட்டார் சைக்கிளுக்கு 2019-இலிருந்து டோலே இல்லை. இதை எழுதிவிட்டு நான் சும்மா நின்றால் போதும், வகுப்பு தானாகச் சண்டைக்கு வந்துவிடும். "வாட் சேவ் டீச்சர்? மார்னிங் செவன் ஓ'க்ளாக் ஃபுல் ஜாம்!" என்பார் லாரி அண்ணன். பட்டறைக்காரர் மோட்டாரில் போகிறவர், "மீ நோ காஸ்ட்" என்று சிரிப்பார். கேன்டீன் அக்காவுக்கு ஃபெரிதான் உசத்தி. உட்கார்ந்து காற்று வாங்கலாம், போனில் தங்கச்சியோடு பேசி முடிக்கலாம். அவர் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் பலகையில் எழுதினோம்: "தி ஃபெரி டேக்ஸ் லாங்கர், பட் இட்ஸ் நாட் எ வேஸ்ட் ஆஃப் டைம்." சேவ், காஸ்ட், டேக், வேஸ்ட், நான்கும் ஒரே சண்டையில் வந்துவிட்டன. பழங்களின் பெயரை வைத்து இப்படி ஒரு சண்டையைக் கிளப்ப முடியுமா, சொல்லுங்கள்.

எல்லாரும் சறுக்குவது ஸ்பெண்ட் என்பதற்குப் பின்னால் வருவதில். காசு என்றால் 'ஆன்' போட வேண்டும்: "ஐ ஸ்பெண்ட் ஃபிஃப்டி ரிங்கிட் ஆன் பெட்ரோல்." பெட்ரோலுக்கு என்று நினைத்தே பழகியதால் நம் வாயில் 'ஃபார்' முந்திக்கொண்டு வரும். நேரம் என்றால் வினையோடு 'இங்' ஒட்டிக்கொள்ளும்: "ஐ ஸ்பென்ட் டூ அவர்ஸ் ஃபிக்ஸிங் த லாரி." 'டு ஃபிக்ஸ்' கிடையாது. வேஸ்டுக்கும் இதே வழிதான். ஆனால் டேக் வந்துவிட்டால் 'டு' திரும்பி வரும்: "இட் டுக் மீ டூ அவர்ஸ் டு ஃபிக்ஸ் த லாரி." இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி மனப்பாடம் செய்துவிடச் சொல்கிறேன். இன்னொன்று, காசைக் குறிக்கும் மணி, டைம் இரண்டையும் ஆங்கிலத்தில் எண்ண முடியாது. "ஹவ் மச் டைம்" என்றுதான் கேட்க வேண்டும், 'மெனி டைம்ஸ்' என்றால் பல தடவை என்று ஆகிவிடும். எண்ணியே ஆக வேண்டுமென்றால் ரிங்கிட்டையும் அவர்ஸையும் எண்ணிக்கொள்ளலாம். இதற்கு மேல் இலக்கணம் பேசினால் பெரியவரோடு சேர்ந்து எல்லாரும் தூங்கிவிடுவார்கள்.

காசும் நேரமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் எல்லாச் சட்டையும் இரண்டு பேருக்கும் பொருந்திவிடாது. ஏர்ன் காசுக்கு மட்டும். கில் நேரத்துக்கு மட்டும், பஸ் வரும்வரை போனை நோண்டிக்கொண்டிருப்பது 'கில்லிங் டைம்'. மேக் இரண்டுக்கும் வரும், ஆனால் வேலை வேறு. மேக் மணி என்றால் சம்பாதிப்பது, மேக் டைம் என்றால் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நாளில் எப்படியோ இடம் பிடித்து ஒதுக்குவது. "ஐ'ல் மேக் டைம் ஃபார் யூ" என்று ஒரு மேனேஜர் சொன்னால் உங்களை மதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சேவ் பற்றிப் பேசும்போது பெரியவர் கண்ணைத் திறந்தார். "சேவ் பண்ண காசு பேங்க்ல இருக்கும். சேவ் பண்ண டைம் எங்க டீச்சர் இருக்கும்? இபிஎஃப்ல போட்டு வைக்கலாமா?" வகுப்பே சிரித்தது. இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதிக் கணக்கில் சம்பளத்திலிருந்து நம் பங்கு 11 விழுக்காடு. 55 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து சந்தா மூன்று கணக்குகளுக்குப் பிரிந்து போகிறது: 75, 15, 10. அந்தக் கடைசி 10 விழுக்காட்டை வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். நேரத்தை அப்படிப் போட்டு எடுக்க முடியாதுதான். ஆனால் லைன் லீடர் தங்கச்சி சும்மா விடவில்லை. "ஆனுவல் லீவ் இருக்கே டீச்சர்" என்றார்.

நல்ல பாயிண்ட். வருட லீவு என்பது காசு மாதிரியே நடந்துகொள்ளும் நேரம். அதற்கு பேலன்ஸ் உண்டு. ஐ ஹாவ் த்ரீ டேஸ் லெஃப்ட். தீர்ந்துவிட்டால் "ஐ'வ் யூஸ்ட் அப் மை லீவ்." மிச்சமானால் அடுத்த வருடத்துக்கு கேரி ஃபார்வர்ட், சில கம்பெனிகளில் காசாக மாற்றி என்காஷ், எடுக்காமல் விட்டால் ஃபார்ஃபீட், அதாவது கைவிட்டுப் போய்விடும். வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 12 நாள், ஐந்து வருடத்துக்கு மேல் 16 நாள் என்பது குறைந்தபட்ச அளவு. லீவு ஃபாரத்தில் எழுதும்போது மட்டும் 'அப்ளை லீவ்' என்று எழுதாமல் நடுவில் ஒரு 'ஃபார்' போட்டுவிடுங்கள். பேச்சில் எப்படிச் சொன்னாலும் நம் நாட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை.

"டைம் இஸ் மணி" என்பதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1748-இல் ஓர் இளம் தொழில்காரருக்கு அறிவுரையாக எழுதியது. அவர் போட்ட கணக்கை வகுப்பில் சொன்னேன். ஒரு நாளைக்குப் பத்து ஷில்லிங் சம்பாதிக்கக்கூடியவன் அரை நாள் சும்மா இருந்துவிட்டு, வேடிக்கை பார்த்ததற்கு ஆறு பென்ஸ்தான் செலவு என்று சொல்லக் கூடாதாம். வராமல் போன ஐந்து ஷில்லிங்கையும் செலவில் சேர்க்க வேண்டுமாம். "இது எங்க எச்ஆர் பேசற மாதிரியே இருக்கு" என்றார் தங்கச்சி.

அவருக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியை மாத வேலை நாள் கணக்கான 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. ஆங்கிலத்தில் இதற்கு 'டைம் அண்ட் எ ஹாஃப்' என்று பெயர். பொது விடுமுறையில் ஓவர்டைம் செய்தால் மூன்று மடங்கு, 'ட்ரிபிள் டைம்'. டைம் என்றாலே சம்பளம் என்று ஆகிவிட்ட இடம் அது. ஃபிராங்க்ளின் கணக்கில் கேன்டீன் அக்காவுக்கு மட்டும் உடன்பாடில்லை. "அந்த அரை நாள்ல அவன் அவங்க அம்மாவைப் பார்க்கப் போயிருந்தா? அதுக்கும் அஞ்சு ஷில்லிங் பிடிச்சுக்குவாரா?" என்று கேட்டார். நான் அக்கா கட்சி.

ஸ்பெண்டுக்கு நம் ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. "டுடே ஐ ஸ்பெண்ட் யூ" என்றால் மாமாக் சாப்பாட்டுக் கடையில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை, பில் அவருடையது. மலாயில் பெலாஞ்சா என்பது செலவுக்கும் வரும், அடுத்தவருக்கு வாங்கிக் கொடுப்பதற்கும் வரும். அதிலிருந்து இறங்கி வந்த ஆங்கிலம் இது. இதைத் திருத்த நான் போவதில்லை. ரொட்டி சானாய் சாப்பிடும் இடத்தில் இலக்கணம் பேசுகிறவரோடு யார் உட்காருவார்கள்? ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த மேனேஜரிடம் இதைச் சொன்னால் அவர் முழிப்பார். அவருக்கு "லஞ்ச் இஸ் ஆன் மீ." இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு ஆளைப் பார்த்து எடுக்க வேண்டியதுதான்.

சரி, மறுக்கும் சொற்களுக்கு வருவோம். மற்றதெல்லாம் இதற்காகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

வகுப்பில் நான் வாட்டர் ஃபில்டர் விற்பவளாக நடிப்பேன், ஒவ்வொருவராக வந்து என்னை அனுப்பி வைக்க வேண்டும். முதலில் வருகிறவர் நிச்சயமாக "நோ மணி லா" என்பார். இதைச் சொன்னால் விற்பனையாளர் போய்விடுவார் என்று எப்படி நம்புகிறோமோ தெரியவில்லை. அவர் இதற்காகவே காத்திருப்பவர். "நோ நீட் மணி நவ், அங்கிள். ஒன்லி டூ ரிங்கிட் எ டே!" கவனியுங்கள், விலையைச் சொல்லவில்லை, நாளைச் சொல்கிறார். காசை நேரத்தால் வெட்டி வெட்டிச் சின்னதாக்கிக் காட்டுகிறார். நாளைக்கு 2 வெள்ளி என்றால் வருடத்துக்கு 730. ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் 3,650. ஆகவே முதலில் பழக வேண்டியது இரண்டு கேள்விகள். "ஹவ் மச் இஸ் இட் இன் டோட்டல்?" அப்புறம், "ஹவ் லாங் டு ஐ ஹாவ் டு பே?" இந்த இரண்டையும் கேட்டுவிட்டால் எதிரில் இருப்பவரின் சிரிப்பில் கொஞ்சம் மாற்றம் தெரியும்.

அடுத்தது அஃபோர்ட். இது தனியாக வராது, கேன் அல்லது குட் துணைக்கு வேண்டும். "ஐ கேன்ட் அஃபோர்ட் இட்." கையில் காசே இல்லை என்று பொருள் இல்லை, இதற்குக் கொடுத்தால் மற்றதற்கு இடிக்கும் என்று பொருள். தலைகுனியாமல் சொல்லக்கூடிய சொல். நேரத்துக்கும் வரும்: "ஐ கேன்ட் அஃபோர்ட் டு பி லேட்." எனக்கு ரொம்பப் பிடித்த சொல்தான், ஆனால் விற்பனையாளரிடம் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. விலை குறைந்தால் வாங்குவேன் என்று அவர் காதில் விழும். உடனே பையிலிருந்து தவணைத் திட்டம் வெளியே வரும்.

"இட்ஸ் நாட் வொர்த் இட்" சொல்லிப் பார்த்தால்? பொருளைக் குறை சொன்னதாக ஆகிவிடும், அவர் வாதத்துக்கு வருவார். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு கிளாஸில் பிடித்து, இரண்டு கம்பியுள்ள கருவியை அதில் வைத்து, மின்சாரம் விட்டு, தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதப்பதைக் காட்டுவார். அவருடைய ஃபில்டர் தண்ணீர் மட்டும் தெளிவாக நிற்கும். அது மாயமில்லை. குழாய்த் தண்ணீரில் இருக்கும் தாது உப்புகளால் மின்சாரம் பாய்கிறது, பாய்ந்ததும் இரும்புக் கம்பி கரைந்து நிறம் வருகிறது. தாது உப்பை நீக்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறமும் வராது. அழுக்கு பெரும்பாலும் கம்பியிலிருந்து வந்ததுதான். இதையெல்லாம் ஆங்கிலத்தில் வாதாடி ஜெயிக்கும் நிலையில் நாம் இல்லை, ஜெயிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வொர்த் என்ற சொல்லை வீட்டுக்குள் கணவன் மனைவி பேசிக்கொள்ள வைத்துக்கொள்ளலாம். போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது "இஸ் இட் வொர்த் கோயிங்?" என்று கேட்கலாம். அங்கேயும் 'இங்' ஒட்டும்.

வாசலில் நிற்பவருக்கு என் சிபாரிசு இது: "ஐ'ம் நாட் ஸ்பெண்டிங் எனி மணி ஆன் திஸ். தேங்க் யூ ஃபார் யுவர் டைம்." காரணம் சொல்லவில்லை, அதனால் பிடித்துத் தொங்க ஒன்றும் இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும் மரியாதையைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். ஆங்கிலத்தில் தேங்க் யூ ஃபார் யுவர் டைம் என்றால் சந்திப்பு முடிந்தது, கதவு அந்தப் பக்கம் என்று அர்த்தம். காவல் பெரியவருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. வேலை இடத்து கேட்டில் வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் இப்போது இதைத்தான் சொல்கிறாராம், முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு.

நேரத்தை மறுக்க ஸ்பேர். இதைப் பட்டறைக்காரர்தான் எனக்கு முன்னால் விளக்கினார். ஸ்பேர் டயர் என்றால் ஓடுகிற நான்குக்கும் மேல் ஒன்று, அவசரத்துக்கு எடுத்துக் கொடுக்கலாம். அதே ஸ்பேர்தான் "கேன் யூ ஸ்பேர் ஃபைவ் மினிட்ஸ்?" என்பதிலும். உங்களிடம் மிச்சமாக ஐந்து நிமிடம் இருந்தால் எனக்குத் தர முடியுமா என்று கேட்கிறோம். யாருடைய நேரத்தையும் உரிமையாக எடுத்துக்கொள்ளாமல் கேட்கும் முறை. பேங்கில் ஆபீசரைப் பார்க்க வேண்டுமென்றால் "ஐ வான்ட் சீ மேனேஜர்" என்று ஆரம்பிப்பதைவிட இது எவ்வளவோ வேலை செய்யும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

மறுப்பதற்கும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு வரச் சொல்லி சூப்பர்வைசர் கேட்டால் "நோ டைம்" என்பது முரட்டுத்தனமாகப் படும், "கேனாட்" என்று நிறுத்தினால் அதைவிட மோசம். லைன் லீடர் தங்கச்சி வகுப்பில் எழுதிப் பார்த்துக்கொண்டு போனது: "சாரி, ஐ கேன்ட் ஸ்பேர் திஸ் சண்டே. ஐ'வ் செட் இட் அசைட் ஃபார் மை மதர்." செட் அசைட் இருக்கிறதே, அது காசை உறையில் போட்டு எடுத்து வைப்பதற்கும் வரும், ஒரு நாளை ஒருவருக்கென்று ஒதுக்கி வைப்பதற்கும் வரும். ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது என்றால் யாரும் அதில் கை வைக்கத் தயங்குவார்கள். சூப்பர்வைசர் "ஓகே, நெக்ஸ்ட் வீக்?" என்று கேட்டாராம். இவரும் யோசித்து, "நெக்ஸ்ட் வீக் ஐ கேன் ஸ்பேர் ஹாஃப் எ டே" என்றாராம். முழு நாள் கேட்டவரிடம் அரை நாளுக்கு முடித்துவிட்டு வந்திருக்கிறார். வகுப்பில் இதைச் சொன்னபோது லாரி அண்ணன் கை தட்டினார்.

அடுத்த ஞாயிறு லெண்ட் (கடன் கொடுப்பது), பாரோ (கடன் வாங்குவது), ஓ (கடன்பட்டிருப்பது). மலாயில் பேச்சில் பிஞ்சாம் என்ற ஒரே சொல் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் புழங்குவதால் "பாரோ மீ டென் ரிங்கிட்" நம் நாடு முழுக்கக் கேட்கும். அதைப் பிரித்தெடுக்க ஒரு வகுப்பு பிடிக்கும். கூட்டு, அதாவது சீட்டு, பிடிக்கிற அக்காமார்கள் அவசியம் வரவும், உங்கள் நோட்டுப் புத்தகமே அன்றைக்குப் பாடப் புத்தகம். பேனா கொண்டு வாருங்கள். இதுவரை நான் லெண்ட் பண்ணியவை எதுவும் இன்னும் திரும்பி வரவில்லை.